கார் நுழையாத சந்தும் என் தள்ளுவண்டியும்

தள்ளுவண்டி தள்ளுகிறவனுக்கு முன்னால் போகிறவர்கள் எல்லோருமே செவிடர்கள். சந்தில் சுமை தள்ளிய சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா! தொண்ணூறுகளில் தோஹாவின் பழைய சூக்கில், கார் நுழையாத கடைவீதியில், "தரீக், தரீக்" என்று வழி கேட்டுக் கத்தியே என் தொண்டை போனது. ஊரில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த வருஷம் அது. பத்து வண்டி வைத்திருந்த கீழக்கரை முதலாளி லீவுக்கு ஒரு நிபந்தனை போட்டார்: "மூணு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா லீவு கலாஸ்."

பாங்கு சொன்ன நேரம்

பாங்கு சொன்னதும் மற்ற வண்டிக்காரர்கள் வண்டிகளைச் சந்திலேயே விட்டுவிட்டுத் தொழப் போய்விடுவார்கள். யாரும் தொடமாட்டார்கள். நான் டீ குடிக்கப் போவேன். ஒருநாள் திரும்பி வந்த அவசரத்தில், எல்லாமே பச்சை பெயின்ட் வண்டி, ஒன்றைத் தள்ளிக்கொண்டு போய்க் கம்பளிக் கடையில் இறக்கினேன். மூட்டையைப் பிரித்தால் மீன் வலை! கடைக்காரப் பட்டாணியர் இந்தியில் சொன்னார்: "பாய், இதைப் போர்த்தினா குளிரும் போகாது, மீனும் வராது."

முதல் கம்ப்ளெயின்ட்.

யார் பின்னால் போவது?

எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் காலி வண்டிதான் பின்வாங்க வேண்டும். இரண்டிலும் சுமை இருந்தால்? என்னிடம் அரிசி, எதிரே வந்த பங்களாதேஷ்காரரிடம் சர்க்கரை. எது கனம் என்று மூட்டையைத் தூக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லப் பாதி சூக்கே கூடிவிட்டது. வாசல் அடைபட்ட அத்தர் கடைக்காரர், நம்மூர்க்காரர், வெளியே வந்தார்: "நான் கடை தெறந்து வச்சிருக்கது யாவாரத்துக்கா, இல்ல உங்க பஞ்சாயத்துக்கா?"

இரண்டாவது.

கழுதைக்கு அப்புறம் நான்

முழங்கால் வலிக்காரரான ஓர் அரபிப் பெரியவர், பெரிய காரைச் சந்து முனையில் விட்டுவிட்டு என் வண்டியில் ஏறிக்கொள்வார். வழிநெடுக என் கல்யாணக் கதையை அரைகுறை இந்தியில் அளப்பேன். ஒருநாள் அவரும் இந்தியில் சொன்னார்: "முன்னெல்லாம் இங்கே கழுதைதான் இழுக்கும். அதுக்கு இவ்வளவு வாய் கிடையாது."

மூன்றாவது

லீவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அதே பெரியவர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு முதலாளி முன்னால் வந்து நின்றார். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன்.

"இவன் ஊருக்குப் போறானாமே! நாற்பது நாள் என்னை யார் தள்ளுறது? எழுதிக்கோ, கம்ப்ளெயின்ட்!"

முதலாளி என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "அவன் போய்த் தாலியக் கட்டிட்டு வரட்டும். உங்கள நானே தள்ளுறேன்."

கல்யாணம் முடிந்து திரும்பி வந்து விசாரித்தால், அந்த நாற்பது நாளில் முதலாளி பேரில் ஐந்து கம்ப்ளெயின்ட், அத்தனையும் வாயே திறக்காமல் தள்ளுகிறார் என்று பெரியவர் கொடுத்தது.