டெக்லன் மினோக் மட்டையைக் கீழே வைத்த கதை

டெக்லன் மினோக் எங்கள் ஊருக்காக ஹர்லிங், அதாவது எங்கள் அயர்லாந்தின் மட்டைப்பந்து ஆட்டம், ஆடியது மூன்றே கோடைகாலம். இருபத்திரண்டு வயதுக்குள் கிளேர் மாவட்ட அணியில் இடம் பிடித்தான், அலமாரி நிறைய மெடல் வாங்கினான். கோல்கீப்பரான எனக்கு அவன் ஆடும் நாட்களில் பாதி நேரம் வேலையே இருக்காது. பந்து எங்கே என்று எதிரணி தேடும்போது அது கம்பத்தைத் தாண்டிப் போயிருக்கும். அப்படிப்பட்டவன் பிறகு மட்டையையே தொடவில்லை என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அறுபத்தாறாம் வருடம் மாவட்ட இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எங்கள் ஊர் அதை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அந்தக் காலத்தில் எங்கள் விளையாட்டுச் சங்கத்தில் ஒரு சட்டம் இருந்தது. ரக்பி மாதிரி இங்கிலீஷ்காரன் ஆட்டத்தை ஆடவும் கூடாது, பார்க்கவும் கூடாது. யார் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ரகசியமாக ஆள் அனுப்புவார்கள். அந்த ஆள் மட்டும் ஜோராக உட்கார்ந்து பார்க்கலாம்! அவர் யார் என்பது செயலாளரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

போட்டிக்கு முந்தின வாரம் கமிட்டி கூடியது; டெக்லன் உட்பட ஆட்டக்காரர்கள் எல்லோரும் இருந்தோம். டெக்லன் மேல் ஒரு புகார் என்றார் செயலாளர்.

"என்ன புகார்? ரொம்ப கோல் போடுறான்னா?" என்றேன் நான். எல்லோரும் சிரித்தோம்.

"போன ஞாயித்துக்கிழமை லிமெரிக் டவுனுக்குப் போய் ரக்பி பாத்திருக்கான்."

அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணின் அண்ணன் அங்கே ரக்பி அணியில் ஆடினான். ஊருக்கே தெரியும், ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"எந்தப் பய பாத்தான்? தைரியம் இருந்தா எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்க!"

எழுந்து நின்றவர் டெக்லனின் அப்பா மார்ட்டி.



"நாந்தான். என்னத்தான் அனுப்புனாங்க. கண்டதச் சொல்றேன்னு வாக்கு குடுத்திருந்தேன்."

"யோவ், அது உம்ம சொந்தப் பிள்ளைய்யா!" என்று கமிட்டியில் ஒருவர் கத்தினார்.

"உம்ம பிள்ளையா இருந்தா சொல்லியிருப்பேன்ல? அப்ப என் பிள்ளையையும் சொல்லித்தான ஆகணும்."

டெக்லன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு மாதம் தடை. இறுதிப் போட்டியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம்.

தடை முடிந்ததும் போய்க் கெஞ்சினோம். "வேற ஆளப் பாத்துக்குங்கடா" என்று கதவைச் சாத்தினான். கோபம், தானாக ஆறும் என்று நினைத்தோம். அவன் கல்யாணம் செய்து அதே பண்ணையில் அப்பாவோடுதான் இருந்தான். மாட்டைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வார்கள்.

எழுபத்தொன்றில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ரேடியோவில் செய்தி வந்தபோது நான் அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ட்டி கோப்பையை வைத்தார். "அவ்வளவுதானா? எடுக்கக் கூடாதுன்னு யாரும் சண்ட போடலயா?"

"இல்லையாம்" என்றேன்.

பிறகு மார்ட்டி எதிரே இருந்த மகனிடம் கேட்டார். "அன்னிக்கு லிமெரிக்ல நீ என்னப் பாத்தியாடா?"

"பாத்தேம்பா."

"பாத்துமா ஓடாம இருந்த?"

"எதுக்கு ஓடணும்? நீங்களும் என்ன மாதிரி திருட்டுத்தனமா ஆட்டம் பாக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. யார் கேட்டாலும் எங்கப்பாவ காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

ஐந்து வருடமாக இவன் தடைக்காகத்தான் மட்டையைத் தூக்கி எறிந்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

மார்ட்டி நாற்காலியை மகன் பக்கம் இழுத்தார். "இருபத்தேழுதானடா ஆகுது. இன்னும் ஆடலாம்டா."

"பால் கறக்க நேரமாச்சுப்பா" என்று சொல்லிவிட்டு டெக்லன் தொழுவத்துக்குப் போனான்.