எட்டுச் சுண்டு மணல்

என் கையெழுத்து வடிவாக இருக்காது. எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் இயங்காமல் போனது. ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு மறுவாழ்வு நிலையத்தில் வைத்திருந்தார்கள். அங்கே பொறுப்பாக இருந்த பெண் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்: வீட்டில் இவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு உங்களால் தனியாகத் தூக்கி இருத்த முடியுமா? முடியாவிட்டால் பராமரிப்பு இல்லத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று படிவத்தையும் கையில் தந்தாள். ஆறு வாரத்தில் தூக்கிக் காட்டச் சொன்னாள்.

நான் உணவகமொன்றில் சட்டி கழுவுகிறவன். முந்தின வருடம் வலது தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பயிற்சி தந்தவர், தினமும் இரண்டு கிலோ எடை தூக்கு, அதற்கு மேல் வேண்டாம் என்றிருந்தார். நான் அதைச் செய்யாமல் விட்டிருந்தேன். உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகக் கூச்சம். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி கண்ணாடிச் சுவர் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே வீட்டிலேயே செய்தேன். சலவைத் திரவம் வரும் பெரிய போத்தல்களில் கைப்பிடி இருக்கும். இரண்டைக் கழுவிக் காயவைத்தேன். ஒரு பை மணல் வாங்கினேன். வீட்டில் தராசு இல்லை. அரிசி அளக்கிற சுண்டு இருந்தது. பால்பேணி அளவிலான தகரக் குவளை. நான்கு சுண்டு ஒரு கிலோ என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. போத்தலுக்கு எட்டுச் சுண்டு மணல் போட்டு, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டினேன். காலுக்கு வேறு பயிற்சி: ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்து எழுவது.

கால் சொன்னபடி கேட்டது. கை கேட்கவில்லை. மூன்றாவது தரமே நடுங்கியது. பத்து நாளில் தோள் வீங்கிவிட்டது. இரண்டு கிலோவைத் தூக்க முடியாதவன் ஒரு மனுசியை எப்படித் தூக்குவான்? படிவத்தை எடுத்து நிரப்பினேன். கையெழுத்து மட்டும் வைக்கவில்லை. மனைவிக்குச் சொல்லாமல் வைக்க மனம் வரவில்லை.

அடுத்த நாள் போய்ச் சொன்னேன்.

"என்னால ஏலாதப்பா. ரெண்டு கிலோவே தூக்க ஏலாமக் கிடக்கு."

அவளுக்குப் பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். "எதைத் தூக்கினனீங்கள்?"

"போத்தல். எட்டுச் சுண்டு மண் போட்டனான்."

"அரிசிச் சுண்டாலயோ?"

"ஓம்."

"அரிசியும் மண்ணும் ஒரே பாரமோ? சட்டி கழுவத்தான் தெரியும் உங்களுக்கு. அதுக்குள்ள என்ன கிடந்ததெண்டு தெரியாது."

வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. நோய் வந்தபின் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் போத்தலைப் பையில் கொண்டுபோய், ஆள் இல்லாத நேரம் பார்த்து, கடையில் மரக்கறி நிறுக்கிற தராசில் வைத்தேன். மூன்று கிலோ எழுநூறு கிராம். வீட்டுக்கு வந்து பாதி மணலைக் கொட்டினேன். ஒரு வாரம் தோளை ஆறவிட்டு, மறுபடி தொடங்கினேன்.

ஆறாவது வாரம் அந்தப் பெண்ணும் ஒரு தாதியும் பார்த்து நின்றார்கள். முழங்காலை மடித்து, மனைவியை மார்போடு அணைத்து, காலின் பலத்தில் எழும்ப வேண்டும் என்று தாதி காட்டித் தந்தாள். பிறர் முன்னால் நான் அவளுடைய கையைக்கூடப் பிடித்ததில்லை. அப்படியே நின்றேன்.

"வெக்கப்படாதைங்கோ," என்றாள் மனைவி. "பிடியுங்கோ."

பிடித்தேன். எழும்பினோம். கால் தடுமாறியது, ஆனால் விழவில்லை. திரும்பி நாற்காலியில் இருத்தினேன். இன்னொரு தரம் செய்யச் சொன்னார்கள். அதையும் செய்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். இப்போது ஒரு நாளைக்கு ஆறு ஏழு தரம் தூக்குகிறேன். மழை நாளில் தோள் நோகும். தூக்கும்போது அவள் தன் வலது கையை என் முதுகில் வைத்துக்கொள்கிறாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இதை எழுதியது 03.11.2024, ஞாயிற்றுக்கிழமை.