அவர் ஏன் கத்தவில்லை?

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணிமங்கலம் ஏரியில் என் கணவர் குளிக்க இறங்கினார். ஒரகடத்தில் கம்பெனி வேலை அவருக்கு, நீச்சல் தெரியாது. நான் கரையில் நின்றிருந்தேன். இரண்டடி நகர்ந்தவர் திடீரென்று கழுத்தளவு நீரில் முகத்தை மேலே தூக்கினார். சத்தமே இல்லை. விளையாடுகிறார் என்று சிரித்தேன்.

"இன்னாங்க, போதும் வாங்க!" என்றேன்.

பதில் இல்லை. வாய் தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது. பதறி, கரையில் குப்புறப் படுத்துத் துப்பட்டாவை வீசினேன். எப்படியோ பிடித்துக்கொண்டார், இழுத்துவிட்டேன். அவர் கால் வைத்தது மண் அள்ளிய பள்ளமாம்.

"ஏங்க என்னக் கூப்பிடல?"

"மூச்சே வுட முடியல, எங்க கத்துறது?"

மூழ்குகிறவர் அலறுவார் என்றே நினைத்திருந்தேன். இப்போது தண்ணீரில் இறங்குவது குழந்தையோ பெரியவரோ, விடாமல் பேச்சுக் கொடுக்கிறேன். பதில் நின்றால் விளையாட்டென்று சிரிப்பதில்லை.