மேஜருக்குக் குரல் கொடுத்தவர்

என் கையிலிருந்த மைக்கை இருட்டில் ஒருவர் பிடுங்கினார். அந்த நொடியை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. பிடுங்கியவர் எங்கள் கிளை மேலாளர்.

மாரண்டஹள்ளி வழியாக ஓசூர் போகும் பேருந்தில் அப்போது நான் தற்காலிக நடத்துனர். என்னை நிரந்தரமாக்கலாமா என்று மேலாளர்தான் எழுத வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்த மனிதர். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சொன்னத மட்டும் செய்யுப்பா. மூளைய வூட்லயே வச்சுட்டு வா." பணிமனையில் இதைச் சொல்லிக் காட்டாத ஆளே கிடையாது, எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால்.

ஆயுதபூஜையன்று பேருந்துகளைக் கழுவிப் பொட்டு வைத்த பிறகு, பணிமனைச் சுவரில் வேட்டியைக் கட்டிப் படம் போடுவோம். அந்த வருஷம் ஓட்டுநர் ஒருவர் சண்டைப் படம் என்று நம்பிக் கொண்டுவந்தது ஓர் ஐரோப்பிய நகைச்சுவைப் படம். பழைய நையாண்டி நாவலிலிருந்து எடுத்தது. அதில் ஒரு சிப்பாய், மேஜர் சொல்வதை அப்படியே செய்து செய்து அவருக்குப் பைத்தியம் பிடிக்க வைப்பான். பாஷை ஒருவருக்கும் விளங்கவில்லை. கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்ல மைக் என்னிடம் வந்தது. கூட்டம் சிரிக்கச் சிரிக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. மேஜர் கத்திய இடத்தில் மேலாளரின் குரலிலேயே, "மூளைய வூட்லயே வச்சுட்டு வா" என்றேன். ஒரே வெடிச்சிரிப்பு. சட்டென்று அது அடங்கியது. பூஜை முடிந்ததும் கிளம்பிவிட்டார் என்று நாங்கள் நினைத்த மேலாளர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். வேலை போயிற்று என்றே முடிவு செய்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

பிடுங்கிய மைக்கில் அவர் பேசினார். "மேஜர் இப்படியா பேசுவான்? பல்லக் கடிச்சிக்கிட்டுப் பேசணும்ப்பா. எங்க மேஜர் எனக்குச் சொன்ன பேச்சு இது. பட்டாளத்துல நாந்தான் அந்தச் சிப்பாய். நீ அவனுக்குப் பேசு, மேஜர எங்கிட்ட வுடு."

மைக் ஒன்றுதான். அவரும் நானும் மாற்றி மாற்றி வாங்கிப் பேசினோம். பல்லைக் கடித்து அவர் அதட்டும்போதெல்லாம் முதலில் சிரித்ததும் அவர்தான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. நிரந்தர ஆணையும் பிறகு வந்தது.

போன வாரம் அதே படம் கைபேசியில் தமிழ்க் குரலோடு கிடைத்தது. மேஜர் சுத்தமான தமிழில் கத்தினார், எனக்குச் சிரிப்பே வரவில்லை. ஓய்வு பெற்று ஏரியூரில் இருக்கும் மேலாளரைப் போனில் கூப்பிட்டேன்.

"நம்ம மேஜருக்கு வேற யாரோ பேசறாங்க சார். நல்லாவே இல்லீங்க."

அந்தப் பக்கம் பல்லைக் கடிக்கும் குரல் கேட்டது.

"மைக்கப் புடுங்குப்பா."