சிவப்பு வட்டம்

எங்கள் அண்ணி தையல்காரி. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அவள் கடை. நான் அங்கே காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறேன். அண்ணிக்கு எழுத்தில்தான் கொஞ்சம் தகராறு. பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

கடைக்குப் பின்னால் சாக்கடை அடைத்துக்கொண்டது. மாடியில் யார் துவைத்தாலும் அழுக்குத் தண்ணீர் எங்கள் கடைக்குள் வரும். நம்பிக் கொடுத்த துணி நனைந்தால் அப்புறம் யார் எங்களிடம் தைக்கக் கொடுப்பார்கள்? அண்ணி குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் எழுதினாள். மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் அதைப் படம் பிடித்து, பிழைகளுக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டு அதே குழுவில் அனுப்பினார். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒற்று வருமா, வராதா என்று ஒரே அடிதடி. சாக்கடையைப் பற்றி ஒருத்தராவது கேட்கணுமே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி எழுதினாள். மறுபடி வட்டம்.

"நான் வேணா தப்பில்லாம எழுதித் தரட்டுமா அண்ணி?" என்றேன்.

"எதுக்கு? தண்ணி வந்தது என் கடைக்கு. நான்தான் எழுதுவேன். புரியலன்னு யாராவது சொன்னாங்களா?"

சொல்லவில்லைதான்.

அந்த வாரமே வாத்தியார் ஒரு பேன்ட்டைக் கொடுத்தனுப்பினார். பின்பக்கத் தையல் விட்டிருந்தது. சாயங்காலம் ஏதோ விழாவில் அதைப் போட்டுக்கொண்டு பேசப்போகிறாராம். அண்ணி துணியில் கோடு போடும் சிவப்புச் சாக்பீஸை எடுத்தாள். பிரிந்த இடத்தைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டாள். மடித்து அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள்.

சற்று நேரத்தில் வாத்தியாரே இறங்கி வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"என்னம்மா இது? தைக்கவே இல்லையே!"

"தப்பு எங்கன்னு காட்டிட்டேன்ல சார். நீங்களும் அதோடதான நிறுத்திக்கிறீங்க?"

"விளையாடுறியாம்மா? சாயங்காலம் நான் எப்படிப் போறது?"

"உள்ள வந்து பேசுங்க சார்."

விறுவிறுவென்று உள்ளே வந்தவர் சளக்கென்று தண்ணீரில் கால் வைத்தார். கணுக்கால் வரை நனைந்துவிட்டது. செங்கல் மேல் ஏறி நிற்கும் மெஷினைப் பார்த்தார். பரணில் திணித்திருந்த துணிமூட்டைகளைப் பார்த்தார்.

"இதைத்தான் எழுதியிருந்தியா?"

"படிச்சீங்களே சார்!"

வாத்தியார் அங்கேயே நின்று குடியிருப்புச் செயலாளருக்குப் போன் போட்டு அவரை ஒரு காய்ச்சு காய்ச்சினார். மதியத்துக்குள் ஆட்கள் வந்து அடைப்பை எடுத்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகுதான் அண்ணி பேன்ட்டைத் தொட்டாள். இரட்டைத் தையலாகவே போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் குழுவில் நன்றி எழுத உட்கார்ந்தாள்.

"அனுப்புறதுக்கு முன்னாடி ஒருதடவை பார்க்கட்டுமா அண்ணி?"

"ஒண்ணும் வேணாம். வட்டம் போட்டா போடட்டும். அவர் பேன்ட் இனிமே பிரியாமலேயா போயிடும்?"