உக்காந்த முனியப்பனிடம் பூ கேட்ட நாள்

அம்மாவின் தம்பியான எங்கள் மாமா ஏற்பாடு செய்த எந்தக் காரியமும் சொன்ன பெயருக்கு நடந்ததில்லை. ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று என்னைக் கூட்டிப்போய்ப் பல்லைப் பிடுங்க வைத்தவர் அவர். ஆகவே நான்காம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் அவர் கோயம்புத்தூர் கணபதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, "ஒரே நாள்ல அத்தனை கோயிலும் பாத்துப்போடலாமுங்க மச்சான். கூடவே ஒரு புத்தர் செலை. சைட்சீயிங்!" என்று அப்பாவிடம் சொன்னபோது, நான் முதலில் என் பற்களை எல்லாம் நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

என் பல்லுக்கு ஆபத்தில்லை. அது அத்தைக்காகப் போட்ட திட்டம்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு இரண்டு இடங்கள் வந்து வீட்டில் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போய், பிறகு சத்தமே இல்லை. வந்தது தெருவுக்குத் தெரியும். வராமல் போனதும் தெருவுக்குத் தெரியும். அப்பாவின் லேத்துப் பட்டறைக்கு நட்டு வாங்க வருகிறவர்கூட "தங்கச்சிக்கு ஏதாச்சும் அமைஞ்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நட்டைக் கேட்பார். அப்பா பதில் சொல்லாமல் மோட்டாரைப் போட்டுவிடுவார்.

இந்த மூன்றாவது இடம் கோபிசெட்டிபாளையத்துக்காரர்கள். இதுவும் தவறினால் அப்பா ஒடிந்துபோவார் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் கோயிலில் வைத்துப் பார்ப்பதாக முடிவு. எங்கள் பக்கத்தில் அது ஒரு நாகரிகம். இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்ததுபோலச் சந்திக்கும். பிடித்தால் பேச்சு வளரும். பிடிக்காவிட்டால் திருநீறு பூசிக்கொண்டு அவரவர் வழியில் போய்விடலாம், யாருக்கும் முகம் சிறுக்காது. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்பது மாமாவின் வேதவாக்கு. ஆயிரத்தில் பாதியை அவர் ஒருவரே சொல்லக்கூடியவர்.

இது எதையும் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் தெரு முழுக்கச் சொல்லிவிடுவேன் என்பது அம்மாவின் எண்ணம். தப்பான எண்ணம் என்று சொல்ல முடியாது. ஆகவே அன்றைக்கு வேனில் ஏறினவர்களிலேயே சைட்சீயிங் போனது நான் ஒருத்திதான்.

முதல் குழப்பம் அத்தையின் பட்டுப்புடவை. சித்திரை வெயிலில், தலை நிறைய மல்லிகையோடு, வேனின் கடைசி சீட்டில் பரீட்சை எழுதப் போகிறவள்போல உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது குழப்பம் பேரூரில். அங்கே மாமாதான் வழிகாட்டி. "இது எறவாத பனை. இதுக்குச் சாவே இல்ல. அது பொறவாத புளி. அதோட கொட்டை எங்க போட்டாலும் மொளைக்காது" என்றார். "மொளைக்காதுன்னா இந்த மரம் எப்படி மாமா மொளைச்சுது?" என்று கேட்டேன். "கோயிலுக்குள்ள குசும்பு பேசப்படாது" என்று என் தலையில் தட்டிவிட்டு, ஃபோனை எடுத்து, "நாங்க கெளம்பீட்டமுங்க, நீங்க எங்க வந்துட்டீங்க?" என்று யாரையோ கேட்டார்.

அவினாசியில் அந்த யாரோ கிடைத்தார்கள். பெரிய தேருக்குப் பக்கத்தில் ஒரு காரிலிருந்து ஒரு அம்மாவும், நீலச்சட்டை போட்ட ஒருவரும் இறங்கினார்கள். மாமா இரண்டு கையையும் விரித்து, "அடடே! ஏனுங்க, நீங்க எங்கீங்க இந்தப் பக்கம்?" என்று கத்தினார். அந்த அம்மாவும் சளைக்காமல், "சும்மா சாமி கும்பிடலாமுன்னு வந்தமுங்க. நீங்களும் வந்துட்டீங்களா, பாருங்களேன்!" என்றார். காலையிலிருந்து ஃபோனில் வழி சொல்லிக்கொண்டே வந்தவர் மாமா. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். எல்லோரும் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் தேர்ச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கார் முன்னால் போக, வேன் பின்னால் போயிற்று. நாங்கள் பவானி கூடுதுறைக்குப் போனால் அவர்களும் அங்கேதான் போகிறார்களாம். அப்பாவும் மாமாவும் ஆற்றில் குளிக்க இறங்கினார்கள். "ரெண்டு ஆறு கண்ணுக்குத் தெரியும். மூணாவது கண்ணுக்குத் தெரியாம அடியில ஓடுது" என்று மாமா கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சொன்னார். தெரியாததை எப்படி மூன்று என்று எண்ணினார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது நீலச்சட்டைக்காரர் என் பக்கம் குனிந்தார்.

"கண்ணு, படி பாசி புடிச்சிருக்குது, உங்கத்தைய பாத்து எறங்கச் சொல்லு."

அத்தை இரண்டு படிக்குக் கீழேதான் நின்றாள். அவளுக்கே கேட்டிருக்கும். இருந்தாலும் போய்ச் சொன்னேன்.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுன்னு சொல்லு" என்றாள் அத்தை.

மேலே ஏறிச் சொன்னேன். அவர் சிரித்து, "செரி, தெரிஞ்சா நல்லது. அப்ப இங்க நிக்கிற ஆளையும் தெரியுதான்னு கேளு" என்றார்.

கீழே இறங்கிக் கேட்டேன். அத்தை குனிந்து தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே, "வெயில் கூசுது, அவ்வளவாத் தெரியலைன்னு சொல்லு" என்றாள்.

தண்ணீர் எட்டாத படி தோசைக்கல்லாகக் காய்ந்தது. உள்ளங்கால் பொத்துப்போகும் அளவுக்கு நான் ஏறி இறங்கினேன். வாய் இருக்கிற இரண்டு பெரியவர்கள் இரண்டு படி இடைவெளியில் நின்றுகொண்டு எதற்காக என்னை இப்படி வதைக்கிறார்கள்? அம்மா மரத்தடியில் புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டே எங்களைப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டு நிழலில் உட்கார வைப்பாள் என்று நினைத்தேன். "போ, போ, என்ன கேக்கறாங்களோ சொல்லு" என்று அவளும் விரட்டினாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அந்தக் கோபிசெட்டிபாளையத்து அம்மா அப்பாவிடம் சொன்னார்: "எங்களுக்கு மனசுக்கு நெறைவா இருக்குதுங்க. ஆனா எங்க ஊட்டுல எந்த நல்ல காரியமும் கொலசாமிகிட்டப் பூ கேக்காம முடிவு பண்றதில்லீங்க. பக்கந்தான், சங்ககிரி தாண்டி. உக்காந்த முனியப்பன். வெள்ளை வந்தா ஆச்சு. செவப்பு வந்தா ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

"நாங்களும் அங்க புத்தர் செலை ஒண்ணு இருக்குதுன்னு…" என்று ஆரம்பித்த மாமா, பாதியில் நிறுத்திவிட்டார். அவர் முகம் என்னவோபோல ஆயிற்று. வேனில் ஏறின பிறகுதான் சொன்னார்: "மச்சான், நாம பாக்கப்போற புத்தரும் அவங்க கொலசாமியும் ஒண்ணுதானாட்டம் இருக்குதுங்க."

அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஏண்டா, பொண்டாட்டி புள்ளைய உட்டுப்போட்டுப் போன மனுசன்கிட்டயா போய்க் கலியாணத்துக்குப் பூ கேக்கறது?"

"அவங்களுக்கு அவரு முனியப்பன்தான், அக்கா. நீ வாயத் தொறக்காம இரு."

பெரிய வேப்பமரத்தடியில் இருந்தது அந்தக் கோயில். சுற்றிலும் வேல்கள், மணிகள், கட்டிப்போட்ட ஒரு கிடாய். நடுவில் கருங்கல்லில் ஒரு சாமி சம்மணம் போட்டு, மடியில் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தார். காது தோள்வரை தொங்கியது. அவருடைய மூடிய கண்ணுக்கு மேலே முழித்த கண்களை வெள்ளியில் செய்து ஒட்டியிருந்தார்கள். சந்தனத்தில் முறுக்கு மீசை. காலடியில் யாரோ பற்றவைத்த சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. மீசைக்குக் கீழே சாமி மெல்லச் சிரித்ததுபோல இருந்தது. எந்தக் கண்ணால் அவர் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் அரசாங்கம் நட்ட ஒரு பலகை. மாமா எல்லோருக்கும் முன்னால் வேகமாகப் போய், பவானியில் நனைந்த தன் வேட்டியை அதன்மேல் காயப்போட்டுவிட்டு, கைகட்டி பக்தியோடு நின்றார். வேட்டி காற்றில் பறந்து வந்து மாட்டிக்கொண்டது என்று நினைத்து நான் எடுத்துவிட்டேன். எழுத்து தெரிந்தது. எழுத்துக் கூட்டாமல் படிக்கிறவள் என்று வகுப்பில் எனக்குப் பெயர். உரக்கப் படித்தேன். இது பழங்காலத்துப் புத்தர் சிலை என்று போட்டிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க புக்குல இருக்குது! புத்தர் ராத்திரியில பொண்டாட்டியையும் கொழந்தையையும் உட்டுட்டு ஊட்ட உட்டே போயிட்டாரு!" என்று பாடத்தையும் ஒப்பித்தேன்.

கிடாய் மட்டும் கத்தியது.

கோபி அம்மா நிதானமாகச் சொன்னார்: "அது எவனோ வந்து நட்டுட்டுப் போனதுங்க. எங்க முப்பாட்டங் காலத்துல இருந்து இவரு எங்களுக்கு முனியப்பந்தான். எங்க சாமிய எங்களுக்குத் தெரியாதுங்களா?"

பூசாரி வெள்ளரளியை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் ஒரே மாதிரி மடித்து, குலுக்கி, சாமியின் மடியில் போட்டார். "பாப்பா, ஒண்ணு எடு சாமி" என்றார். "வெள்ளைய எடு கண்ணு" என்று அம்மா காதில் சொன்னாள். மடித்த இலைக்குள் வெள்ளை எது என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. அத்தையைப் பார்த்தேன். எது வந்தாலும் பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினாள். ஆனால் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் வெளுத்துப்போயிருந்தது.

எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு.

பூசாரி தொண்டையைக் கனைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. பலகையிடம் ஓடினார். "ஏனுங்க, இதப் பாருங்க! அரசாங்கமே எழுதி வெச்சிருக்குது. இவரு முனியப்பனே இல்லீங்க, புத்தரு! ஊட்ட உட்டுப்போட்டுப் போனவருகிட்டப் போயிக் கலியாணம் கேட்டா ஆகாதுன்னுதானுங்க சொல்லுவாரு? இது செல்லாதுங்க!" சற்று முன்பு வேட்டி போட்டு மூடினவர், இப்போது ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துக் காட்டினார்.

கோபி அம்மாவின் முகம் கறுத்தது. "அப்படீன்னா நாலு தலைமொறையா நாங்க கல்லையாங்க கும்பிட்டுட்டு இருந்தோம்? செவப்பு வந்ததுகூடப் பெருசில்லீங்க. மூணு தடவை கேக்கறது இங்க வழக்கம், பூசாரியே சொல்லியிருப்பாரு. இந்தப் பேச்சுக்கப்புறம் என்னத்தக் கேக்கறது? கெளம்பு சாமி" என்று மகனிடம் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். நீலச்சட்டைக்காரர் "அம்மா, சித்தெ நேரம் இரும்மா" என்று பின்னாலேயே போனார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்குபோலவே மாமா பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா வேப்பமரத்து வேரில் உட்கார்ந்துவிட்டார்.

காரின் கதவு திறந்தது. அந்த அம்மா ஒரு காலை உள்ளே வைத்தார்.

"அத்தே."

எங்கள் அத்தைதான் கூப்பிட்டாள். அதுவரை "ஏனுங்கம்மா" என்றே அவரிடம் பேசிக்கொண்டிருந்தவள். செருப்பில்லாமல் வெயிலில் இறங்கிப் போய்க் காரருகில் நின்றாள்.

"அத்தே, சாமி பேரு என்னன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க கும்பிடறத நானும் கும்பிடறேன். மூணு தடவை கேக்கறதுதானுங்க வழக்கம்? ஒரு தடவையோட கோவிச்சுக்கிட்டுப் போனா எப்படீங்க? வாங்க, இன்னொருக்கா கேட்டுப்போட்டுப் போலாம்."

என் அத்தைக்கு எங்கிருந்து ஒரு அத்தை முளைத்தாள் என்று நான் விழித்தேன். அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார். "வெறுங்காலோட வெயில்ல நிக்காத அம்முணி" என்று சொல்லி, அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

பூசாரி மறுபடி மடித்துப் போட்டார். நான் கையை நீட்டினேன். "நீ இரு கண்ணு, நான் எடுக்கறேன்" என்று அந்த அம்மா என்னை ஒதுக்கிவிட்டு, கண்ணை மூடி நெடுநேரம் கும்பிட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்தார். பூசாரியிடம் கொடுக்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி, சாமியைப் பார்த்து நின்று தானே பிரித்தார். பார்த்தார். மறுபடி மடித்து முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வெள்ளைதானுங்க. மூணாவது தடவை வேண்டாம்" என்றார்.

பூசாரி மணியடித்தார். அப்பா எழுந்து வந்து கைகூப்பினார். மாமா எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். நீலச்சட்டைக்காரர் முதல் முறையாக என்னை நடுவில் நிறுத்தாமல் அத்தையிடமே என்னவோ சொன்னார், அத்தை சிரித்துவிட்டாள்.

எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. அந்த அம்மாவின் இடுப்பு உயரம்தான் அப்போது நான். முடிச்சு என் கண்ணுக்கு நேராக இருந்தது. அதிலிருந்து ஒரு இதழ் வெளியே எட்டிப் பார்த்தது.

வேன் கோயம்புத்தூர் ரோட்டுக்கு ஏறின பிறகு அம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, அது செவப்பும்மா. நான் பாத்தேன்."

அம்மா என் வாயைப் பொத்தினாள். "வெள்ளைதான் கண்ணு."

"இல்லம்மா, செவ—"

முன் சீட்டிலிருந்து அப்பா திரும்பினார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் எனக்குச் சாதகமாகப் பேசுவார் என்று காத்திருந்தேன். "வெள்ளைதான் சாமி" என்றார் அவர். உடனே ஜன்னல் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அத்தையின் மல்லிகையைப் பார்த்தேன்; வெள்ளை. அந்தக் கண்ணை மூடி இந்தக் கண்ணால் அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தேன், சிவப்பு. இரண்டு கண்ணிலும் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. பிறகு கோளாறு எங்கே என்றுதான் வீடு வந்து சேரும்வரை எனக்குப் புரியவில்லை.