பூனாகலையில் மூன்று பெட்டிகளைக் கழற்றிய நாள்

கடந்த மாசியில் நான் பூனாகலைக்குப் போனது மலை பார்க்க அல்ல. பண்டாரவளையில் கைபேசிக் கடை வைத்திருக்கும் தோழி ரிசானா கூப்பிட்டாள். தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் கிடைக்கும் வைஃபையை மேல் லயத்து வரிசை வீடுகள் வரை கொண்டுபோக, வழியில் ஐந்து வீட்டுக் கூரைகளில் சிக்னலை வாங்கிக் கைமாற்றும் ரிலே பெட்டிகளை அவள் பொருத்தியிருந்தாள். "கடைசி வீட்டுல வீடியோ உறைஞ்சி நிக்குது. ஒருக்கா வந்து பாரேன்" என்றாள். நெட்வொர்க் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது; மறுக்க முடியவில்லை.

பதுளையில் காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினேன். பண்டாரவளைக்கு ஒன்றேகால் மணி நேரம், 150 ரூபாய். அங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ரிசானாவோடு ஆட்டோவில் 2,500 ரூபாய். பேரம் பேசினேன், பலிக்கவில்லை. வளைவுகள் அதிகம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

கடைசி வீடு லெட்சுமியுடையது. அவளுக்குக் காது கேட்காது, கைச்சாடையில்தான் பேசுவாள். கணவர் சிவா கட்டாரில் வேலை பார்க்கிறார். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டுவதா என்று அந்த வாரத்துக்குள் அவர் சொல்லியாக வேண்டும்.

"அவ வரச் சொல்றான்னு போன்ல சொன்னேங்க. அது அவ சொல்றதா, நீ சொல்றதான்னு கேக்குறான்" என்றாள் சிவாவின் அக்கா புஷ்பம்.

சோதித்துப் பார்த்தேன். ஐந்து பெட்டிகளுக்கும் ஒரே அலைவரிசை. ஒன்று பேசும்போது பக்கத்திலுள்ளவை காத்திருக்க வேண்டும். கை மாற மாற வேகம் குறைகிறது. குரலுக்கு அது போதும். விரல்களுக்குப் போதாது. இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் எடுத்துவிடலாம், ஆனால் எந்த இரண்டு? கோயில் மேட்டு வீட்டுப் பெட்டியை முதலில் கழற்றினேன். மேல் லயத்துக்கு இணைப்பு அடியோடு அறுந்துபோனது. திரும்பப் பூட்டினேன். கடைசியில் சரிவந்த ஜோடியில், எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் தந்த முத்தையா அண்ணன் வீட்டுப் பெட்டி இல்லை.

"கழட்டிட்டா எங்களுக்கு வராதுங்களா?"

"வரும்ணே. இன்னும் நல்லா வரும்."

நம்பாமல்தான் ஏணியைப் பிடித்தார். கீழே இறங்கியதும் அவர் கைபேசியிலேயே ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டினேன். "அட" என்றார், அவ்வளவுதான்.

பிற்பகல் மூன்றரைக்கு சிவாவை அழைத்தோம். படம் உறையவில்லை. லெட்சுமியின் கைகள் வேகமாக ஓடின, பிறகு மெதுவாயின. ஒரு கையைத் திரையை நோக்கி நீட்டி, தன் நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டாள். சிவாவும் கையாலேயே பதில் சொன்னார்.

"சித்திரைக்கு வாறானாம்" என்றாள் புஷ்பம், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

இப்படி வேலையாகப் போகிறவர்களுக்கு ஒன்று. காகிதத்தில் போட்ட கணக்கு மலைக்கு ஒத்துவராது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தே முடிவெடுங்கள். எந்த வீட்டுப் பெட்டியை எடுக்கிறீர்களோ அந்த வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். ஏணி லயத்திலேயே கிடைக்கும். சுவெட்டரை மட்டும் மறக்க வேண்டாம். திரும்பும் ஆட்டோவுக்கும் காலையிலேயே சொல்லி வையுங்கள்.

நாங்கள் கிளம்பும்போது லெட்சுமியும் சிவாவும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று தன்னிடம் யாரும் கேட்காததால் புஷ்பம் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.